பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேபில் கம்பியும் கியூபும் சோதித்தால் அந்த முடிவை நம்பலாமா?

வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். தரைத்தளமும் முதல் மாடியுமாகக் கட்டுகிறார். கம்பிக் கடைக்காரர் ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட் நகல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். காண்ட்ராக்டர் அதுவே போதும் என்கிறார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெட்டீரியல் டெஸ்டிங் லேப் இருக்கிறது, வெளியாட்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருகிறார்கள். "அங்கே என்னென்ன மெஷின் இருக்கும்? மாணவர்கள் பழகுகிற மெஷினில் எடுத்த முடிவை நம்பலாமா?" என்பது அவருடைய கேள்வி. மெஷின் பட்டியல் கேட்பது போலத் தெரிந்தாலும் அவர் மனதில் இருப்பது வேறு. அந்த லேப் கொடுக்கிற தாளில் உள்ள எண்ணை நம்பி என் வீட்டுக் காலத்தையும் (கான்கிரீட் தூண்) பீமையும் (உத்தரம்) போடலாமா என்றுதான் கேட்கிறார். பட்டியலைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

நான் பல வருடம் இப்படிப்பட்ட ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொண்டவன். காலையில் மாணவர்களுக்குப் பாடம், மதியத்துக்கு மேல் வெளியிலிருந்து வரும் கம்பி, கியூப் (சோதனைக்கென்று வார்த்த கான்கிரீட் கட்டி), செங்கல், பேவர் பிளாக். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம்பலாம். ஆனால் மெஷின் புதிதா பழையதா, திரை இருக்கிறதா டயல் இருக்கிறதா என்பதை வைத்து நம்ப வேண்டாம். மெஷினைச் சுற்றி நடக்கும் நான்கைந்து சின்ன வேலைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்பதை வைத்து நம்புங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை, படிக்காதவர்கூடப் பக்கத்தில் நின்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊர்க் கல்லூரி லேபுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது யுடிஎம், அதாவது யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின். இழுக்கவும் அமுக்கவும் வளைக்கவும் ஒரே மெஷின். பெரும்பாலும் 400 கிலோநியூட்டன், அதாவது 40 டன் மெஷினாக இருக்கும். சில இடங்களில் 600 அல்லது 1000. அதற்குப் பக்கத்தில் கான்கிரீட் கியூபை அமுக்கிப் பார்க்கும் சிடிஎம் (கம்ப்ரெஷன் டெஸ்டிங் மெஷின்), 2000 அல்லது 3000 கிலோநியூட்டன். சுவரோரமாக ராக்வெல், பிரினெல் கடினத்தன்மை மெஷின்கள், கம்பியை முறுக்கிப் பார்க்கும் டார்ஷன் மெஷின், ஸ்பிரிங் சோதிக்கும் மெஷின். ஒரு மூலையில் கம்பி வலைக்குள் ஊசல் மாதிரி பெரிய சுத்தியல் தொங்கும். அது இம்பாக்ட் மெஷின். 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் உள்ள துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு போட்டு, ஓங்கி அடித்து உடைத்து, உடைய எவ்வளவு ஆற்றல் பிடித்தது என்று பார்ப்பார்கள். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறையில் நின்றபடியே குளிரில் இரண்டாகப் பிளந்தது. எஃகு குளிரில் எப்படி நொறுங்கும் குணத்துக்கு மாறுகிறது என்பதை மாணவனுக்குப் புரியவைக்க இந்த மெஷினை விட்டால் வேறு வழியில்லை. உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். டார்ஷன், ஸ்பிரிங், ராக்வெல் எதுவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியவை யுடிஎம், சிடிஎம், ஒரு நல்ல தராசு, கியூபைத் தண்ணீரில் ஊறவைக்க ஒரு கியூரிங் தொட்டி. அவ்வளவுதான்.

சரி, யுடிஎம்முக்கு வருவோம். ஒரு 12 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 113 சதுர மி.மீ. அது எஃப்ஈ 500 கம்பி (சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் ஈல்டு வலிமை உள்ள ரகம்) என்றால் ஈல்டு ஆக, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்க, குறைந்தது 56.5 கிலோநியூட்டன் பிடிக்க வேண்டும். 8 மி.மீ. கம்பிக்கு 25 போதும். இந்த 25-ஐ 1000 கிலோநியூட்டன் மெஷினின் முழு அளவில் வைத்துப் படித்தால் அது அளவுகோலின் அடி முனையில் இரண்டரை சதவீதத்தில் கிடக்கிறது. பெரிய மெஷின் என்றால் நல்ல முடிவு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய கம்பிக்கு அது நேர்மாறாகப் போகலாம். வழக்கமாக ஒரு மெஷினைச் சரிபார்க்கும்போது அதன் அளவில் 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரைதான் சரிபார்ப்பார்கள். அதற்குக் கீழே தனியாகச் சரிபார்த்திருந்தால் ஒழிய, அங்கே காட்டும் எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை. பழைய டயல் மெஷின்களில் இதற்காகவே 40, 100, 200, 400 என்று நான்கு வீச்சுகள் வைத்திருப்பார்கள். 8 மி.மீ.க்கு 40-லும், 12 மி.மீ.க்கு 100-லும் மாற்றி வைத்துப் படிப்பார்கள். புது மெஷினில் சுமையை அளக்கும் லோடு செல் ஒன்றே ஒன்று இருந்தால், அந்த லோடு செல் எந்த அளவிலிருந்து சரிபார்க்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

இந்தச் சரிபார்ப்புக்குத்தான் கேலிபரேஷன் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்டிக்கரைக் காட்டுவார்கள். ஸ்டிக்கரில் தேதி மட்டும்தான் இருக்கும். அதன் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கும், அதைக் கேளுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் மெஷின் காட்டியது எவ்வளவு, சோதனைக் கருவி காட்டியது எவ்வளவு, வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று அட்டவணை இருக்கும். வகை 1 மெஷின் என்றால் அந்த வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது, மெஷினை இடம் மாற்றினாலோ பெரிய ரிப்பேர் செய்தாலோ உடனேயும், மறுபடி சரிபார்க்க வேண்டும். மாணவர் வகுப்புக்கு மட்டுமே ஓடும் மெஷினை வருடா வருடம் சரிபார்க்காத கல்லூரிகள் உண்டு. பாடம் நடத்த அது பரவாயில்லை, வரைபடத்தின் வடிவம் சரியாக வந்தால் போதும். அதே மெஷினில் உங்கள் கம்பியை இழுத்துச் சான்று கொடுப்பது தவறு. மாணவர்கள் பழகுகிற மெஷின் என்று நீங்கள் தயங்கியதில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். மாணவர்கள் தொட்டதால் மெஷின் கெட்டுப்போகாது. சரிபார்க்காமல் விட்டால் கெட்டது தெரியாமலே போகும்.

அடுத்தது, மெஷினே இல்லாத ஒரு வேலை. லேபில் உங்கள் கம்பியை வாங்கியதும் முதலில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கம்பியின் விட்டத்தை அளந்தால் எனக்கு அந்த லேப் மேல் நம்பிக்கை குறையும். டிஎம்டி கம்பியில், அதாவது சூட்டிலும் தண்ணீரிலும் பதப்படுத்திய கம்பியில், வரிவரியாக மேடு இருக்கிறது. மேட்டில் வைத்தால் ஒரு அளவு, பள்ளத்தில் வைத்தால் ஒரு அளவு. கம்பிக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1786 சொல்லும் வழி எடை. குறைந்தது அரை மீட்டர் துண்டின் நீளத்தையும் எடையையும் அளந்து, எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ என்று வைத்துப் பரப்பைக் கணக்கிட வேண்டும். சைட்டில் எல்லோருக்கும் தெரிந்த விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் கணக்கும் இதிலிருந்து வந்ததுதான். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம், 8 மி.மீ. 395, 10 மி.மீ. 617, 16 மி.மீ. சுமார் 1580 கிராம். 12 மி.மீ. கம்பியில் தொகுதியாகப் பார்த்தால் கூடவோ குறையவோ 5 சதவீதம் வரை அனுமதி. தனி ஒரு துண்டு 6 சதவீதம் வரை குறையலாம். 10 மி.மீ. வரை உள்ள கம்பிகளுக்கு இது 7-ம் 8-ம்.

எடையில் ஏன் இவ்வளவு நிற்கிறேன் என்றால், கம்பியில் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் இங்கேதான். மீட்டருக்கு 820 கிராம் உள்ள ஒரு 12 மி.மீ. கம்பி, அதன் உண்மையான பரப்பை வைத்து வகுத்தால் ஈல்டு 520 என்று அழகாகத் தேறிவிடும். சான்றிதழின் வலிமை வரியிலும் தேறிவிடும். ஆனால் உங்கள் இன்ஜினியர் வரைபடத்தில் எட்டுக் கம்பி என்று போட்டிருந்தால் காலத்துக்குள் போவது கிட்டத்தட்ட ஏழரைக் கம்பியின் எஃகுதான். எடைக்கு எடை பணம் கொடுத்ததால் நஷ்டமில்லை என்று தோன்றும். காலம் கம்பியை எண்ணிக்கையில்தான் வாங்குகிறது. அதனால் அறிக்கையில் மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இதற்கு லேபுக்கே போக வேண்டாம். ஒரு மீட்டர் கம்பியை நேராக அறுத்து நகைக்கடைத் தராசிலோ நல்ல மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசிலோ வைத்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

எடை பார்த்த பிறகு கம்பியில் புள்ளிகள் குத்துவார்கள். 12 மி.மீ. கம்பிக்கு 60 மி.மீ. இடைவெளி, அதாவது விட்டத்தின் ஐந்து மடங்கு. கம்பி நெடுகக் குத்திவைத்தால் எங்கே உடைந்தாலும் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். பிறகு இரண்டு பக்கத் தாடைகளுக்குள் கம்பியை வைத்துப் பிடிக்கவைத்து இழுக்கத் தொடங்குவார்கள். டயல் மெஷின் என்றால் இந்தக் கட்டத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கறுப்பு ஊசி சிவப்பு ஊசியைத் தள்ளிக்கொண்டே சீராக ஏறும். ஒரு இடத்தில் தயங்கி நிற்கும், சில சமயம் கொஞ்சம் பின்வாங்கவும் செய்யும். அதுதான் ஈல்டு. அந்த நேரத்தில் கம்பியின் மேலுள்ள கறுப்புத் தோல் செதில் செதிலாக உதிர்ந்து மெஷின் அடியில் விழும். அப்புறம் ஊசி மறுபடி ஏறும், உச்சம் தொடும், சிவப்பு ஊசியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். கம்பி ஓரிடத்தில் கழுத்துப் போல மெலியும். பிறகு வெடிச்சத்தத்தோடு அறும். கை வைத்துப் பார்த்தால் உடைந்த இடம் சுடும்.

இங்கே பொதுவாக நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. எவ்வளவு நீண்டது என்ற எண்ணை, உடைந்த இரண்டு துண்டுகளையும் ஒட்டிவைத்து, உடைந்த இடத்தை நடுவில் விட்டுப் புள்ளிகளுக்கு இடையே அளந்து எடுக்க வேண்டும். 60 மி.மீ. இருந்தது 69.6 ஆனால் 16 சதவீதம். சில லேபுகளில் மெஷினின் தலை எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் காட்டுவதையே எழுதிவிடுகிறார்கள். அந்த நகர்வில் தாடைக்குள் கம்பி வழுக்கியதும் சேர்ந்திருக்கும், தாடைக்கும் தாடைக்கும் இடையே உள்ள மொத்தக் கம்பியும் நீண்டது சேர்ந்திருக்கும். அந்த எண்ணுக்கும் ஐஎஸ் கேட்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. கம்பி தாடையை ஒட்டியே உடைந்து, நீட்சியும் குறைவாக வந்தால், அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு வேறு துண்டு எடுக்க வேண்டும். ஒரு நல்ல லேப் அசிஸ்டென்ட் இதை யாரும் சொல்லாமலே செய்வார். இப்படிப்பட்ட ஒருவர் இருக்கிற லேபில் பழைய மெஷினே போதும் என்பது என் எண்ணம்.

நீட்சி எண்ணை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன்? கம்பி வாங்குபவர்கள் எல்லோரும் வலிமை எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 500 கேட்டால் 610 வந்திருக்கிறது, பிரமாதம் என்கிறார்கள். எஃப்ஈ 500-க்கு நீட்சி குறைந்தது 12 சதவீதம், அதிகம் நீளக்கூடிய ரகமான எஃப்ஈ 500 டி-க்கு 16. அறும் வலிமை, கம்பி உண்மையில் காட்டிய ஈல்டைவிட 500-இல் 8 சதவீதமாவது, 500 டி-யில் 10 சதவீதமாவது கூட இருக்க வேண்டும்; அதோடு முறையே 545, 565 என்ற குறைந்தபட்ச அளவும் உண்டு. ஈல்டு 610, அறுந்தது 630, நீட்சி 9 என்று ஒரு கம்பி வந்தால் அது எண்ணில் பலசாலி, ஆனால் தேறாத கம்பி. பீம் தாங்க முடியாமல் போகும்போது, நல்ல கம்பி நீண்டு, கான்கிரீட்டில் விரிசல் காட்டி, வீட்டில் இருப்பவர்கள் வெளியேற நேரம் கொடுக்கும். நீளாத கம்பி அந்த நேரத்தைக் கொடுக்காது. பூகம்பம் வரக்கூடிய இடங்களில் டி வகையை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வளைவுச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். கட்டணம் குறைவு, தெரிந்துகொள்ளக்கூடியது அதிகம். 12 மி.மீ. எஃப்ஈ 500 கம்பியை அதன் விட்டத்தில் நான்கு மடங்கு உருளையைச் சுற்றி, 500 டி என்றால் மூன்று மடங்கு உருளையைச் சுற்றி வளைத்து, வெளிப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரும்ப வளைக்கும் சோதனையில் 135 டிகிரி வரை வளைத்து, கொதிநீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவைத்து, 157.5 டிகிரிக்கு நிமிர்த்துவார்கள். நாள்பட வரும் முதுமையைக் கம்பிக்கு அரை மணியில் வரவழைத்துப் பார்க்கிற வேலை இது. இந்தச் சோதனையில் தேறாத கம்பி, இழுவையில் தேறியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

டிஎம்டி பற்றி இன்னும் ஒன்று. சில இடங்களில், பெரிய விட்டமுள்ள கம்பியை மெஷினின் தாடைக்குள் நுழைக்க லேத்தில் கடைந்து மெலியவைத்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண இரும்புக்கு அது சரி. டிஎம்டி கம்பி ஆலையில் சிவக்கச் சிவக்க வரும்போது தண்ணீர் அடித்து மேல்தோலை மட்டும் கடினமாக்கி, உள்ளே மென்மையாக விட்டு உருவாக்கிய கம்பி. வலிமையில் பெரும்பங்கு அந்த வெளி வளையத்தில் இருக்கிறது. கடைந்தால் வளையம் போய்விடும், நல்ல கம்பியும் தோற்றுவிடும். முழுக் கம்பியாகத்தான் இழுக்க வேண்டும். உலோகவியல் துறை உள்ள கல்லூரி என்றால் கம்பியின் முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவிக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் கருமையாக ஒரு முழு வளையம் தெரிய வேண்டும். வளையம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் இல்லாமலும் இருந்தால், தண்ணீர் சீராகப் படவில்லை என்று அர்த்தம். இது அறிக்கையில் எண்ணாக வராது. ஆனால் கண்ணால் பார்த்தது மறக்காது.

இனி கியூப். கம்பியைவிட இதில்தான் லேப் மேல் பழி அதிகம் வருகிறது, அதில் பெரும்பகுதி லேபுக்குச் சேராதது. சைட்டில் 150 மி.மீ. மோல்டில் கான்கிரீட்டை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 16 மி.மீ. குத்துக்கம்பியால் 35 குத்து குத்தி, மறுநாள் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். நடப்பது என்ன? மேஸ்திரி கரண்டியால் அள்ளி ஒரே தடவையில் நிரப்பி, மேலே தடவி விட்டுவிடுகிறார். கியூபை மரநிழலில் வைத்து இரண்டு நாள் தண்ணீர் தெளிக்கிறார்கள். 28-ஆம் நாள் லேபுக்கு வரும்போது ஓரமெல்லாம் தேன்கூடு போல ஓட்டை. அதில் வரும் எண் உங்கள் கான்கிரீட்டைச் சொல்லாது, கியூப் போட்டவரின் கைவேலையைத்தான் சொல்லும். எதிர்ப்பக்கமும் உண்டு: கியூபுக்கென்று தனியாகச் சிமென்ட் கூட்டிக் கலந்து போடுவார்கள். அது வெட்கக்கேடு, ஆனால் நடக்கிறது. அதனால் ரூஃப் போடும் நாளில், மிக்சரிலிருந்து நடுவாக வரும் கான்கிரீட்டில், நீங்கள் நிற்கும்போதே கியூப் எடுங்கள். மேலே தேதியைக் கீறி, நீங்களே ஒரு குறியும் போட்டுவிடுங்கள்.

லேபில் பார்க்க வேண்டியவை இவை. கியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து மேலே துடைத்து, ஈரம் காயாமலே உடைக்க வேண்டும். வெயிலில் காய்ந்த கியூப் கூடுதல் எண் காட்டும். வார்த்தபோது மேலே இருந்த சொரசொரப்பான முகம் மெஷினில் பக்கவாட்டில் வர வேண்டும், மோல்டின் வழவழப்பான முகங்கள்தான் அமுக்குத் தட்டுகளில் படவேண்டும். தட்டில் முந்தைய கியூபின் தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். அப்புறம் வேகம். சதுர மி.மீ.க்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன் என்பது விதி. 150 மி.மீ. கியூபுக்கு நிமிடத்துக்கு 315 கிலோநியூட்டன் என்று வரும். எம்20 கான்கிரீட் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய ரகம்) நல்லபடியாக 25-இல் உடைகிறது என்றால், சுமை சுமார் 560 கிலோநியூட்டன், நேரம் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் கைக்கடிகாரத்திலேயே பார்க்கலாம். வால்வைத் திறந்துவிட்டு அரை நிமிடத்தில் உடைத்தால் எண் கூடுதலாகத்தான் வரும், அது உங்களுக்குச் சாதகமாகத் தோன்றும், நம்பாதீர்கள். உடைந்த கியூபையும் பாருங்கள். நான்கு பக்கமும் சில்லுச் சில்லாகப் பிரிந்து நடுவில் உடுக்கை வடிவத்தில் மிச்சம் நின்றால் சுமை நேராக இறங்கியிருக்கிறது. ஒரு மூலை மட்டும் நொறுங்கி மற்றதெல்லாம் அப்படியே நின்றால், கியூப் கோணலாக இருந்திருக்க வேண்டும் அல்லது சரியாக மையத்தில் வைக்கவில்லை.

மூன்று கியூபின் சராசரிதான் ஒரு முடிவு. மூன்றில் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, விலகினால் அந்த முடிவு செல்லாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்கிறது. 18, 26, 31 என்று மூன்று எண் வந்து, சராசரி 25, தேறியது என்று எழுதிய அறிக்கைகள் என் கைக்கு வந்திருக்கின்றன. அது தேறியதில்லை. இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானவை. 7 நாள் எண்ணை வைத்து 28 நாள் எண்ணைச் சொல்வது அப்படியல்ல. மூன்றில் இரண்டு பங்கு வரும் என்பது கைக்கணக்கு. பிபிசி (போர்ட்லாந்து பொசலானா) சிமென்ட்டில் சாம்பல் கலந்திருப்பதால் தொடக்கத்தில் மெதுவாக ஏறிப் பிறகு பிடிக்கும். 7 நாளில் குறைந்தால் பதறாமல், அந்த நேரத்துக்குள் கியூரிங்கைச் சரிசெய்து 28-ஆம் நாளுக்குக் காத்திருப்பது நல்லது.

சிமென்ட்டையும் சோதிக்கலாமா என்றால், வீட்டு அளவுக்கு நான் வற்புறுத்த மாட்டேன். 200 கிராம் சிமென்ட்டுக்கு 600 கிராம் நிலைமணல் (சோதனைக்கென்றே தரப்படுத்திய மணல்) கலந்து 70.6 மி.மீ. சின்னக் கியூப் போட்டு, 27 டிகிரியில், இரண்டு டிகிரிக்கு மேல் மாறாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நிலைமணல் நாடு முழுக்க எல்லா லேபுக்கும் நம் எண்ணூரிலிருந்துதான் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் மூன்று பருமனாகச் சலித்து அனுப்புகிறது. சிமென்ட்டின் 28 நாள் முடிவு வரும்போது உங்கள் ரூஃப் போட்டு முடிந்திருக்கும். மூட்டையில் உள்ள, தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் பார்த்து, புதிதாக, கட்டி விழாததாக வாங்குவது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய அமைப்பு) முத்திரை வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை. எந்தப் பொருளுக்கு, எந்தச் சோதனைக்கு என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது. கான்கிரீட்டுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற லேப், கம்பிச் சோதனை அறிக்கையில் அந்த முத்திரையைப் போட முடியாது. என்ஏபிஎல் இணையதளத்தில் லேபின் பெயரைத் தேடினால் பட்டியல் கிடைக்கும்; அறிக்கையில் யுஎல்ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். முத்திரை இல்லாத கல்லூரி லேப் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பல அரசுக் கல்லூரிகள் தலைமுறைகளாக அரசுப் பணிகளுக்குச் சோதித்துத் தருகின்றன. ஆனால் காண்ட்ராக்டருடன் வழக்கு என்று போகும் நிலை இருந்தால் முத்திரை உள்ள அறிக்கையையே வாங்குங்கள்.

லேபால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு, எல்லா அறிக்கையின் அடியிலும் சின்ன எழுத்தில் இருக்கும்: கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு. நீங்கள் கொடுத்த மூன்று துண்டு நல்ல துண்டு என்றால் லாரியில் வந்த மூன்று டன்னும் நல்லது என்று லேப் சொல்லவில்லை. அதனால் கம்பியை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் சோதனையின் பாதி உயிர். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் துண்டு வேண்டாம். சைட்டில் இறங்கிய பிறகு, ஒவ்வொரு அளவிலும் வேறு வேறு கட்டுகளிலிருந்து மூன்று கம்பி, முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுங்கள். கேஸ் வைத்து வெட்ட வேண்டாம், சூடு கம்பியின் குணத்தை மாற்றிவிடும். கட்டில் தொங்கும் தகட்டில் உள்ள காஸ்ட் எண்ணை (எஃகை உருக்கி வார்த்த தொகுதியின் எண்) படம் எடுத்து, ஆலைச் சான்றிதழில் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எண் பொருந்தாத சான்றிதழ் வேறு யாருடைய கம்பிக்கோ கொடுத்தது. கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் அளவு வேண்டுமென்றால் அதற்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், சிவில் லேபில் பெரும்பாலும் இருக்காது. எஃப்ஈ 500 டி-யில் கார்பன் 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கந்தகமும் பாஸ்பரஸும் தனித்தனியே 0.040-ஐத் தாண்டக் கூடாது. இழுவையும் வளைவும் தேறிய கம்பிக்கு, வெல்டிங் செய்யப்போவதில்லை என்றால், இந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.

ஏற்கெனவே போட்ட கான்கிரீட் மேல் சந்தேகம் என்றால் கியூப் பயன்படாது. சுத்தியல் மாதிரி ரீபவுண்ட் ஹேமர் கொண்டு வந்து தட்டி எண் சொல்வார்கள். அது ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் ஒப்பிட நல்ல கருவி. வலிமையாக மாற்றிச் சொல்லும்போது 25 சதவீதம் வரை இரண்டு பக்கமும் தவறலாம், அதனால் அதை மட்டும் வைத்து ஒரு காலத்தை இடிக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கோர், அதாவது கான்கிரீட்டிலிருந்தே ஓர் உருளைத் துண்டு, வெட்டி எடுக்க வேண்டும். மூன்று கோரின் சராசரி குறிப்பிட்ட கியூப் வலிமையில் 85 சதவீதத்தை எட்டி, எதுவும் தனியாக 75-க்குக் கீழே போகாமல் இருந்தால் ஏற்கலாம். எங்கே வெட்டுவது என்பதைக் கட்டடத்தைப் பார்த்த இன்ஜினியர்தான் சொல்ல முடியும், என்னைப் போல எங்கோ உட்கார்ந்து எழுதுபவர் சொல்லக் கூடாது.

கடைசியாக, முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வது. ஒரு கம்பி தோற்றதும் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அதே தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு மாதிரி எடுத்துச் சோதிக்க ஐஎஸ் 1786 இடம் கொடுக்கிறது. இரண்டும் தேறினால் தொகுதி தேறியது, இரண்டில் ஒன்று தோற்றாலும் தொகுதி தோற்றது. அந்த இரண்டு மாதிரியைக் கடைக்காரரையும் காண்ட்ராக்டரையும் கூட வைத்துக்கொண்டு எடுங்கள், லேபுக்கும் அவர்களை அழைத்துப் போங்கள். மெஷின் முன்னால் மூன்று பேரும் நின்று பார்த்த முடிவு என்றால் பிறகு வாக்குவாதம் வராது. கம்பியைச் சென்ட்ரிங் மேல் கட்டி முடிப்பதற்கு முன்னால், குறைந்தது ஒரு வாரம் கையில் இருக்கும்படி மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் தேர்வு நடக்கும் நாட்களில் லேப் ஆட்கள் மாணவர்களோடு இருப்பார்கள், உங்கள் கம்பி மூலையில் காத்துக் கிடக்கும். முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.